நாற்பது வீட்டுக்கு ஒரு சாவி

சில்வெஸ்டரிடம் கணினியைக் கொண்டுபோனால் முதலில் ஒரு திட்டு வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஈப்போ புந்தோங்கில் தையல்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த அந்தக் கடையில் அது எழுதாத சட்டம். "பழசாப் போச்சு, புதுசு வாங்கலாமான்னு கேக்க வந்தீங்களா? இரும்புலயா செஞ்சிருக்கான், இத்துப்போக? இன்னும் எட்டு வருஷம் ஓடும்லா," என்பார். வந்தவர் பதில் சொல்வதற்குள் திருப்புளியை எடுத்து அடிமூடியைக் கழற்றித் தூசியை ஊதத் தொடங்கிவிடுவார்.

ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த மனிதர். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்கியவர்கள். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருடம் அவர்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பதினேழு வயதில் ஈப்போவுக்கு வந்து, ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தார். அந்தத் தொழிற்சாலையும் ஒருநாள் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. ஆக, 'உனக்கு இனி இங்கே இடமில்லை' என்பதை இரண்டு தடவை காதால் கேட்டவர். ஒரு கணினித் திரையில் 'உங்கள் இயந்திரத்துக்கு இனி ஆதரவு கிடையாது' என்று வந்தால் அவருக்கு ஏன் அப்படிச் சுருக்கென்று கோபம் வருகிறது என்று யாரும் மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

அந்தக் கோபத்தில்தான் கொக்கைப் பிடித்தார். கொக்கு என்றால் பறவை இல்லை. பெரிய நிறுவனங்களின் பிரவுசர்கள் பழைய கணினிகளைக் கைவிட்டபோது, அதற்கு மாற்றாகச் சில பிடிவாதக்காரர்கள் உலகத்தின் எங்கெங்கோ மூலைகளில் உட்கார்ந்து, சம்பளம் இல்லாமல் கட்டிவரும் ஒரு திறமூல பிரவுசர் அது. யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதன் சின்னத்தில் ஒரு வெள்ளைப் பறவை இருந்தது. புந்தோங் வாடிக்கையாளர்கள் வாயில் அது கொக்காகிவிட்டது.

சில்வெஸ்டர் அதை விட்டுவைக்கவில்லை. பட்டன்களைப் பெரிதாக்கினார். வயசாளிகள் தெரியாமல் தொட்டுவிட்டு முழிக்கும் மெனுக்களை, ஒரு சின்னக் கோப்பில் நாலு வரி எழுதி மறைத்தார். நாசி கண்டார் சாப்பாட்டுக்கடை ஷரபுதீனுக்குக் கண் சரியில்லை என்று மேல்பட்டையை மஞ்சளாக்கி எழுத்தைக் கறுப்பாக்கிக் கொடுத்தார். ஏதாவது அலுவலகத் தளம் 'உங்கள் பிரவுசர் செல்லாது' என்று விரட்டினால், அந்தத் தளத்துக்கு மட்டும் கொக்குக்கு ஒரு பொய்ப்பெயர் சூட்டி உள்ளே அனுப்புவார். எந்தத் தளத்துக்கு எந்தப் பொய் என்பது அவருக்கு மனப்பாடம். அதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! வாசலில் நிற்கும் காவலாளியை ஏமாற்றிவிட்டுக் கல்யாணத்துக்குள் நுழைந்த பையனைப் போல் தனியாகச் சிரித்துக்கொள்வார்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. தளங்கள் அடிக்கடி முகவரியை மாற்றும். மாற்றினால் நாற்பது வீட்டிலிருந்தும் போன் வரும். நாற்பது வீட்டுக்கும் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கணினியிலும் புக்மார்க்கைத் திருத்திவிட்டு வர வேண்டும். கொக்கில் அதற்கு ஒரு வசதி இருந்தது. ஒரு கணக்கைத் திறந்து கணினிகளை அதில் இணைத்துவிட்டால், ஓர் இடத்தில் மாற்றியது எல்லா இடத்திலும் தானாக மாறும். ஒரு மனிதரின் வீட்டுக் கணினியையும் வேலையிடத்துக் கணினியையும் இணைப்பதற்காகச் செய்தது. ஆளுக்கு ஒரு கணக்கு வேண்டும். ஆளுக்கு ஒரு மின்னஞ்சல், ஆளுக்கு ஒரு நீளமான ரகசியச் சாவி.

இவர் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் கிடையாது. இருக்கிறவர்களுக்குக் கடவுச்சொல் ஞாபகம் கிடையாது. சில்வெஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? கடை பேரில் ஒரே ஒரு கணக்கைத் திறந்து நாற்பது கணினியையும் அதில் மாட்டிவிட்டார். எது எது பகிரப்பட வேண்டும் என்று கேட்ட பக்கத்தில் புக்மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு, கடவுச்சொல், பார்த்த பக்கங்கள், திறந்திருக்கும் பக்கங்கள் எல்லாவற்றையும் அணைத்தார். கணினிக்கு ஒரு பெயர் கொடு என்றது. அடையாளம் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்தக்காரர் பெயரையே வைத்தார். அப்புறம் அந்தப் பக்கத்தையே மெனுவிலிருந்து மறைத்துவிட்டார். நாலு வருடம் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று மார்தட்டிக்கொண்டு மனிதர்கள் செய்கிற காரியம் எல்லாம் இப்படித்தான் இருக்கிறது.

நாலு மாதத்துக்கு முன் கேரன் வந்தாள். சில்வெஸ்டரோடு அதே லயத்தில் வளர்ந்த பெரியநாயகத்தின் மகள். பெரியநாயகம் இப்போது இல்லை. கேரனுக்கு முப்பத்தொரு வயது, ஐந்து வயதில் கிளாரிசா என்று ஒரு பெண் குழந்தை, இடது கையில் இரண்டாவது தடவையாக மாவுக்கட்டு. அவள் புருஷன் கேப்ரியல் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன். குரல் அத்தனை மிருது. மாவுக்கட்டுக்கு அவன்தான் காரணம் என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். சில்வெஸ்டரின் மனைவி இசபெல்லா நம்பினாள். ஒரு வாரம் தன் வீட்டுப் பின்னறையில் வைத்திருந்து, சித்தியவானில் தெரிந்த ஒருத்தி மூலமாக ஒரு பாலர் பள்ளியில் உதவியாள் வேலைக்கு ஏற்பாடு செய்தாள். குழந்தைக்கும் அங்கேயே படிப்பு. ஈப்போவில் அந்த இடம் தெரிந்தவர்கள் இசபெல்லாவும் சில்வெஸ்டரும் மட்டும்தான்.

புறப்படும் அன்று சில்வெஸ்டர் ஒரு பழைய லேப்டாப்பைத் துடைத்து, கொக்கைப் போட்டு அவளிடம் கொடுத்தார்.

"அங்கிள், இதுல நான் என்ன பாக்குறேன், எங்க இருக்கேன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. கண்டவன் எல்லாம் எட்டிப் பாக்குறத அடைச்சிட்டேன். தைரியமா வெச்சிக்க."

கணக்கில் மாட்டும்போது, நாற்பது பெயரில் கேப்ரியலின் பெயரும் இருக்கிறதே என்று அவருக்கு ஒரு விநாடி உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவனும் லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து கொக்கு போட்டுக்கொண்டு போயிருந்தான். புக்மார்க் மட்டும்தானே போகிறது, போகட்டும் என்று விட்டுவிட்டார். புதுக் கணினிக்குப் பெயர் கேட்டது. 'கேரன்' என்று தட்டினார்.

போன மாதம் கொக்கின் புதுப்பதிப்பு வந்தது. கடையில் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் அனுமதித்தார். மறுநாளே போன் மேல் போன். பட்டன் சின்னதாகிவிட்டது, பட்டை வெள்ளையாகிவிட்டது, புதுசு புதுசாக என்னென்னவோ மெனு தெரிகிறது என்றார்கள். உள்ளே பெயர்களை மாற்றியிருந்ததால் அவர் எழுதிய நாலு வரி செல்லவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து அதைத் திருத்தி, கொண்டுவந்தவர்களுக்குப் போட்டுக் கொடுத்தார். பட்டனைப் பார்த்தார், பொய்ப்பெயர்களைப் பார்த்தார், புக்மார்க்கைப் பார்த்தார். மறைத்து வைத்த அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை. பகிர்வுக்கான பழைய அமைப்புகளும் புதுப்பதிப்பில் செல்லாமல் போய், அவர் அணைத்தவை எல்லாம் தாமாகத் திறந்துகொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கேப்ரியல் கடைக்கு வந்தான். ஒரு கையில் லேப்டாப் பை, இன்னொரு கையில் இரண்டு பொட்டலம் கோப்பி.

"பசியாறிட்டீங்களா அண்ணே? உங்களுக்கும் சேத்துத் தாப்பாவ் கட்டி வாங்கிட்டு வந்தேன்."

சில்வெஸ்டருக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடைக்கு வந்தவனை விரட்டினால் சந்தேகம் வரும் என்று கோப்பியை வாங்கி வைத்தார். "பட்டன் சின்னதாப் போச்சா? எல்லாருக்கும் அதான். குடுங்க, அஞ்சு நிமிஷ வேலை."

"பட்டன் கிடக்கட்டும் அண்ணே. இடப்பக்கம் ஒரு லிஸ்ட் வருது பாருங்க. மூணு வாரமா நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு. நேத்து மத்தியானத்துலேர்ந்து அப்படியே நிக்குது, மாற மாட்டேங்குது. அத மட்டும் சரி பண்ணிக் குடுங்க போதும்."

என் கொக்கில் இடப்பக்கம் ஏது பட்டியல் என்று நினைத்துக்கொண்டே சில்வெஸ்டர் லேப்டாப்பைத் திறந்தார். இருந்தது. 'மற்றக் கணினிகளில் திறந்திருக்கும் பக்கங்கள்' என்று தலைப்பு, அதன் கீழே வரிசையாக நாற்பது பெயர்கள். ஷரபுதீன் மீன்விலை பார்த்திருந்தார். மாரியம்மா நீரிழிவுக்குக் கைவைத்தியம் தேடியிருந்தார். கீழே போனால் கேரன். அவள் பெயருக்கு அடியில் மூன்று வரிகள்: சித்தியவான் பாலர் பள்ளியின் பெற்றோர் பக்கம், அங்கிருந்து புறப்படும் பஸ் நேரங்கள், அதே ஊரில் வாடகைக்கு ஓர் அறை.

சில்வெஸ்டரின் விரல் சுட்டியின் மேலேயே நின்றுவிட்டது. கேப்ரியல் அவசரமில்லாமல் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"இது தப்பா வந்திருக்கு தம்பி. இப்படி வரவே கூடாது," என்றார்.

"தப்பாவே இருந்துட்டுப் போவட்டும் அண்ணே. எம் பொண்ணப் பாத்து நாலு மாசம் ஆச்சு. பெத்தவனுக்கு இது கூடத் தெரியக் கூடாதா?" அவன் சிரித்தான். "அவசரம் இல்ல. வெச்சிட்டுப் போறேன், சாயந்திரம் வாரேன். நீங்க கை வெச்சா சரியாயிடும்."

அவன் போனதும் சில்வெஸ்டர் அந்த லேப்டாப்பில் பார்த்த பக்கங்களின் பட்டியலைத் திறந்தார். பாலர் பள்ளிப் பக்கத்தை அவன் முப்பத்தொரு தடவை திறந்திருந்தான். ஈப்போவிலிருந்து சித்தியவானுக்கு வழி, பள்ளிக்குப் பின்னால் உள்ள சந்தின் படம் வரை பார்த்திருந்தான். சில்வெஸ்டர் கடைக் கணக்கைத் திறந்து அடியோடு அழித்தார். நாற்பது வீட்டிலும் புக்மார்க்குகள் போகும், போன் வரும், திட்டுவார்கள். திட்டட்டும். கதவை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

இசபெல்லா அவர் சொன்னதை நின்றபடியே கேட்டாள். உடனே கேரனுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கவே இல்லை. "நேத்துலேர்ந்து மெசேஜும் போவல. சார்ஜ் இல்லன்னு நெனச்சேன்," என்றாள். வேறு எதுவும் கேட்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு காடியின் முன்சீட்டில் ஏறினாள்.

லூமுட் நெடுஞ்சாலையில் வெயில் கொளுத்தியது. இரண்டு பக்கமும் செம்பனை, முடிவே இல்லாமல். பத்து கிலோமீட்டர் போனபிறகு இசபெல்லா கேட்டாள்.

"அவன் பேரும் அந்த நாப்பதுல இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா மாட்டுனீங்க?"

"புக்மார்க் மட்டும்தான் போவுதுன்னு நெனச்சேன் இசபெல்."

"அவ உங்கள கேட்டா. எம் முன்னாடிதான் கேட்டா. யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்க."

போத்தா ஊரைத் தாண்டும்வரை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்பது தெரிந்தது. ஆயர் தாவார் வந்தது, போனது. தான் பிறந்த தோட்டத்துக்குத் திரும்பும் சாலையைக்கூட அவர் கவனிக்கவில்லை. நேற்று மத்தியானம் ஏன் பட்டியல் நின்றது என்ற ஒன்றே மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. லேப்டாப்பை அவள் மூடி வைத்திருக்கலாம். அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது. ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வண்டியை மிதித்தார்.

பாலர் பள்ளி ஒரு மூலைவீடு. வேலியில் குழந்தைகள் வரைந்த படங்கள் தொங்கின. பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். இரும்புக் கதவுக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். பள்ளியை நடத்தும் புஷ்பலதா டீச்சர். அவள் பூட்டைத் திறக்கவில்லை.

"கேரனப் பாக்கணும் டீச்சர். நாங்க ஈப்போலேர்ந்து வாரோம். நான் சில்வெஸ்டர்."

பெயரைக் கேட்டதும் அவள் முகம் இறுகியது. "கேரன் இல்ல. நேத்தே போயிட்டா."

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?" இசபெல்லா கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல. ரெண்டு பேரும் நல்லாத்தான் போனாங்க." டீச்சர் குரலைத் தணித்துச் சொன்னாள். "நேத்து காலைல ஒரு ஆளு வந்தாரு. ரொம்ப டீசண்டா, கை நிறைய கேக்கு. கிளாரிசாவோட அப்பாவாம், வெளிநாட்டுல வேலையாம், புள்ளைக்குச் சொல்லாம வந்திருக்காராம். எத்தன மணிக்கு விடுவீங்கன்னு கேட்டாரு. நானும் புத்தி கெட்டுப்போயி சொல்லிட்டேன். அப்ப வாரேன்னுட்டுப் போனாரு. கேரன் பின்னாடி கப்பு கழுவிக்கிட்டிருந்தா. குரலக் கேட்டிருக்கா. வந்து நின்னா, பேச்சே வரல. பேய பாத்த மாதிரி நின்னா. அப்புறம் புள்ளையத் தூக்கிக்கிட்டு பின்கதவு வழியா போயிட்டா."

சில்வெஸ்டருக்கு உடம்பில் உயிர் வந்தது. தப்பித்துவிட்டாள். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சு விட்டார். "எங்க போறேன்னு சொன்னாளா டீச்சர்? நாங்க உதவி பண்றவங்க. அவளுக்கு வேற யாரும் இல்ல."

டீச்சர் உள்ளே போய் ஒரு லேப்டாப்பை எடுத்துவந்து கம்பி இடுக்கு வழியாக அவரிடம் நீட்டினாள். நாலு மாதத்துக்கு முன் அவர் துடைத்துக் கொடுத்தது.

"இது உங்களோடதாம், குடுத்திடச் சொன்னா. ரெண்டு பேரு தேடி வருவாங்க டீச்சர்னு சொன்னா. ஒருத்தன் எம் புருஷன், இன்னொருத்தர் சில்வெஸ்டர் அங்கிள். ரெண்டு பேருகிட்டயும் தெரியாதுன்னு சொல்லிடுங்கன்னு சொன்னா. எனக்கு நிஜமாவே தெரியாது ஐயா. நானும் கேக்கல."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. சில்வெஸ்டர் காடிக்குள் வந்து உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். தோட்டம் காலியான நாளிலோ தொழிற்சாலை மூடிய நாளிலோ வராத அழுகை வந்தது. தான் காட்டிக் கொடுத்ததாக அவள் நினைக்கிறாள். நினைப்பதில் என்ன தப்பு? ஈப்போவில் இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். வேண்டுமென்று செய்யவில்லை என்று அவளிடம் சொல்லக்கூட இனி வழியில்லை.

"அவ கூடப் படிச்சவங்க யாராச்சும் இருப்பாங்க. கேட்டுப் பாப்போம்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க இருக்கான்னு தெரிஞ்சிக்கிட்டு, விஷயத்தச் சொல்லிட்டு வந்துடுவோம். மனசு கேக்கல இசபெல்."

"வேணாம்."

"தப்பா நெனச்சிக்கிட்டிருக்காளே."

"நெனச்சிக்கட்டும். தேடிக்கிட்டுப் போவாதீங்க. தேடினா அவனுக்குத்தான் வழி காட்டுவீங்க."

அவர் சாவியைத் திருகப் போனபோது போன் அடித்தது. திரையில் கேப்ரியல் பெயர். எடுக்காதீங்க என்று இசபெல்லா கையை ஆட்டினாள். எடுக்காவிட்டால் சந்தேகப்படுவான் என்று எடுத்தார். நேரத்தைப் பார்த்தார், மணி ஒன்றே முக்கால். கடை பூட்டியிருப்பதைப் பார்த்திருப்பான், ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்லுங்க தம்பி."

"உங்ககிட்டயும் சொல்லாமத்தான் போயிட்டாளா அண்ணே?"

சில்வெஸ்டர் தலையைத் தூக்கினார். சாலைக்கு எதிர்ப்பக்கம், மூடிக்கிடந்த ஒரு கடையின் முன்னால் சாம்பல் நிறக் காடி நின்றது. கேப்ரியல் கண்ணாடியை இறக்கிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அவன் லேப்டாப்பைக் கடையில் விட்டுப்போனது எதற்கு என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பார்த்ததும் இவர் அவளிடம் ஓடுவார், பின்னாலேயே போனால் போதும் என்று காத்திருந்திருக்கிறான். இசபெல்லா அவர் கையை இறுகப் பிடித்தாள்.

"எங்க போயிருக்கா அண்ணே? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"தெரியாது."

"நிஜமாவா?" அதே மிருதுவான குரல்.

"நிஜமாத்தான் தம்பி. எங்கிட்ட அவ ஒண்ணும் சொல்லல."

எதிர்ப்பக்கத்திலிருந்து அவன் அவர் முகத்தையே நெடுநேரம் பார்த்தான். சில்வெஸ்டர் பார்வையை விலக்கவில்லை. விலக்க வேண்டிய அவசியம் இல்லை; அவரிடம் மறைக்க எதுவும் இல்லை. ஒரு வார்த்தை, ஓர் ஊர்ப்பெயர் அவருக்குத் தெரிந்திருந்தாலும் இந்த நேரத்தில் அது அவர் முகத்திலேயே எழுதியிருக்கும். அவள் தன்னை நம்பாமல் போனதற்காக, வெட்கத்தோடு, அவர் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.